அரிப்புக்கு முறை வைத்த தெரு

புளியம்பழத்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கல்லின் மேல் வைத்து இரும்புத் தடியால் ஒரு தட்டுத் தட்டி, பிதுங்கிய கொட்டையை இடது பக்கம் தள்ளி, சதையை வலது பக்கத்து முறத்தில் போட்டு, மறுபடி ஓட்டை உடைத்து, நாரை உரித்து என்று நாகஜோதியின் கைகள் காலையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது, எட்டு வருசமாக அவளோடு குடியிருக்கிற அரிப்பு, இடுப்புக்கு நாலு விரல் மேலே முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் வேலையை ஆரம்பித்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் புளிப் பிசுக்கு. அந்தக் கையால் சொறிந்தால் சேலை ஒட்டும், புளி பட்ட இடம் இன்னும் எரியும். அவள் பின்னால் இருந்த சாக்கு மூட்டையில் சாய்ந்து, மூச்சு வாங்குகிறவளைப் போல மேலும் கீழும் அசைந்து பார்த்தாள்.

அந்த எட்டு வருசத்தில் வேலாயுதம்பட்டியில் அவள் முதுகு படாத இடம் இல்லை. வீட்டு நிலைக்கதவு, குழாயடிச் சுவர், ரேஷன் கடைத் தூண், பஸ்ஸில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி, கல்யாண மண்டபத்தில் வாழைமரம் கட்டிய கம்பம் என்று எல்லாவற்றிலும் மாடு உரசுகிற மாதிரி உரசியிருக்கிறாள், ஆனால் ஒருத்தரிடமும் சொறிந்துவிடச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமென்றால், ஊற்றுகிறவர் தானாகத் திரும்பி வருகிற வரைக்கும் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், வரவில்லையென்றால் எழுந்து கைகழுவப் போய்விடுவாள். அஞ்சாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றதுகூட, புதிதாக வந்த டீச்சர் வருகைப் பதிவில் அவள் பேரை விட்டுவிட்டதாலும், அதை எழுந்து சொல்லக் கூச்சப்பட்டு அவள் வீட்டிலேயே இருந்துவிட்டதாலும்தான்.

தோலில் முதல் திட்டு வந்தபோது படர்தாமரை என்றார் மருந்துக்கடைக்காரர். சூட்டு உடம்பு என்றார்கள் சொந்தக்காரர்கள். கரப்பான் என்று ஒருத்தர் எண்ணெய் கொடுத்தார், கருவாட்டை நிறுத்து என்று ஒருத்தர் சீட்டு எழுதினார், வேப்பிலை அரைத்துப் பூசு என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத அம்மா சொன்னாள். நாகஜோதி எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றையும் பூசினாள். திட்டும் எல்லாவற்றையும் வாங்கிப் பூசிக்கொண்டு இன்னொரு திட்டை இழுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் மதுரையில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில், ஒரு லேடி டாக்டர் அவள் தோலில் துவரம்பருப்பு அளவு மூன்று தடவை வெட்டி எடுத்துப் பார்த்து, மூன்றாவது பருப்பில் விசயத்தைக் கண்டுபிடித்தார். ரத்தத்தில் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் தோலுக்குள் வந்து குடியேறிக்கொள்கிற அபூர்வமான ஒரு புற்று, மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பேர், லட்சக்கணக்கான பேரில் யாரோ ஒருத்தருக்குத்தான் வரும், பயப்பட வேண்டாம், மெதுவாக நடக்கிற நோய், கவனித்துக்கொண்டே இருந்தால் ரொம்ப காலம் நன்றாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால்தான் கட்டியாகி உள்ளே இறங்கும் என்று டாக்டர் சொன்னார். லட்சத்தில் ஒருத்தி என்றதும் நாகஜோதிக்குப் பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக வந்தது.

வைத்தியம் என்பது வெளிச்சம். பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே நாலு பக்கமும் குழல் விளக்கு, அதற்குள் சேலையைக் களைந்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைத் தூக்கி நிற்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை. கதவைச் சாத்தியபிறகு உள்ளே யாருமில்லை என்று தெரிந்தும், விளக்குகள் எல்லாம் தன்னைப் பார்க்கின்றன என்று அவள் முந்தானையை மட்டும் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்படிப் பதினோரு தடவை நின்றாள்.

பன்னிரண்டாவது தடவை போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான், இந்தப் புளிக்களத்தில், மூட்டையில் உரசியும் அடங்காத அரிப்பு கண்ணில் தண்ணீரை வரவைத்தது. பக்கத்தில் எதிர்வீட்டுப் பொன்னழகு அப்போதுதான் சாம்பல் போட்டுக் கை கழுவிவிட்டுச் சோற்று டப்பாவைத் திறந்திருந்தாள். நாகஜோதி அவள் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, என் முதுகக் கொஞ்சம் சொறிஞ்சு விடுறீகளா."

களத்தில் இருபது தடியும் நின்றுவிட்டது. அவள் குரல் எப்படியிருக்கும் என்று அதுவரை பாதிப் பேருக்குத் தெரியாது.

"ஏத்தா, இதுக்குத்தான் இத்தன வருசமா மூட்டையில ஆடிக்கிட்டு இருந்தியா?" என்றாள் பொன்னழகு. "நாங்க என்னமோ மனசுக்குள்ள பாட்டுப் படிக்கிறன்னு நெனச்சோம்." சொல்லிக்கொண்டே ரவிக்கைக்குக் கீழே கையை விட்டு, அஞ்சு நகத்தையும் பதித்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். பழத்திலிருந்து நாரை ஒரே இழுப்பில் உரிக்கிற மாதிரி, அரிப்பு முழுசாகக் கழன்று அவள் நகத்தோடு போய்விட்டது. நாகஜோதி கீழே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பொன்னழகு நகத்தைச் சேலையில் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

சாயங்காலம் டீ வைக்கிற நேரத்துக்குப் பொன்னழகு நாகஜோதி வீட்டு நிலைக்கதவில் முதுகை உரசிக்கொண்டு நின்றாள். "ஏத்தா, ஒன் அரிப்பு என் வீட்டுக்கு வந்துருச்சு."

தன் கோழி அடுத்த வீட்டுக்குள் நுழைந்து காயப்போட்ட நெல்லைத் தின்றுவிட்ட மாதிரி நாகஜோதிக்கு மானமே போனது. "மன்னிச்சுக்கங்கக்கா. திருப்பிக் குடுத்துருங்க."

"இருக்கட்டும். எட்டு வருசம் நீ வச்சிருந்தேல்ல, ரெண்டு நாளைக்கு நான் வச்சிருந்தாக் கொறஞ்சா போயிருவேன்? மொதல்ல போயி ஒன் மூஞ்சியக் கண்ணாடியில பாரு. வேற ஆளு மாதிரி இருக்க. போயிப் படு."

நாகஜோதி படுத்தாள். மறுநாள் வெயில் வாசலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்தபிறகுதான் எழுந்தாள். அவள் புருசன் வெள்ளைச்சாமி, புளிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன், நாலு வயது மகள் யாழினிக்குத் தானே தலை சீவி, வகிடு கோணலாக, அங்கன்வாடியில் கொண்டுபோய் விட்டிருந்தான். மதுரை பஸ் எப்போதோ போய்விட்டது.

மூன்றாம் நாள் பொன்னழகுக்கு ஒரு வளைகாப்புக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போவது சரியில்லை என்று அடுத்த வீட்டுக்காரியைச் சொறியச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரிக்கு ரேஷன் கடையில் நிற்கிற வேலை இருந்தது, அதற்கடுத்த வீட்டுக்காரியைச் சொறியச் சொன்னாள். இப்படி அது ஒழுங்கில்லாமல் அலைவது நல்லதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முல்லை மகளிர் குழுவில் பேச்சு வந்தது. இது எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீருக்கு முறை இருக்கிறது, கோயில் வாசல் தெளிக்க முறை இருக்கிறது, அரிப்புக்கு மட்டும் எதற்கு முறை இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் கேட்டார்கள். தலைவி சரோசா நோட்டைத் திறந்து, தெருவிலுள்ள முப்பத்தேழு வீட்டையும் வரிசையாக எழுதி, வீட்டுக்கு ரெண்டு நாள் என்றும், வெள்ளிக்கிழமை கைமாற்றக் கூடாது என்றும், பிள்ளைத்தாச்சிக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்றும், அரிப்பு இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு போகவேண்டும் என்றும் தீர்மானம் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள்.

அதன்பிறகு தெருவில் அதைப் பற்றின பேச்சாகவே இருந்தது. "வந்துருச்சா?" என்று கேட்பார்கள். "காலையிலயே வந்துருச்சு, இப்பத்தான் செத்த அசந்திருக்கு" என்பார்கள். அதற்குக் கத்திரிக்காய் ஆகாது என்று மூன்றாவது வீட்டில் கண்டுபிடித்தார்கள், கருவாடு ஆகாது என்று ஒன்பதாவது வீட்டில் கண்டுபிடித்தார்கள், தெரு முழுக்கக் கத்திரிக்காய் வாங்குவதை நிறுத்தியதில் காய்க்காரர் சைக்கிளை அடுத்த ஊருக்குத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் இருந்தபோது அது இடது தோளில்தான் உட்காரும் என்று ஒருத்தி சொன்னால், எங்கள் வீட்டில் அது குதிகால் வரைக்கும் இறங்கி வந்து விளையாடியது என்று இன்னொருத்தி சொல்லுவாள். பேசாமல் இருந்த ஓரகத்திகள் ஒருத்தி முதுகை ஒருத்தி சொறியப்போய்ப் பேச ஆரம்பித்தார்கள். பதினாலாவது வீட்டுக்காரி ரெண்டு நாள் முடிந்தும் கொடுக்காமல், இன்னும் வயிறார ஒரு நேரம் சொறிந்துகொள்கிறேன் என்று வைத்துக்கொண்டதில் பதினஞ்சாவது வீட்டுக்காரி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஆம்பிளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு தங்களை ஏன் சேர்க்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

வார்டு மெம்பர் ஆண்டிச்சாமி தன் வீட்டு முறை வந்தபோது பெண்டாட்டியை ஒதுக்கிவிட்டுத் தானே முதுகைக் காட்டி வாங்கிக்கொண்டார். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் எழுந்தது. அதில் அவர் முதுகைக் காட்டி நின்று, கழுத்தை மட்டும் திருப்பிச் சிரித்துக்கொண்டு, எப்படியோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். 'முப்பத்தேழு வீட்டு அரிப்பை ஒற்றை முதுகில் தாங்கும் அண்ணனே' என்று எழுதியிருந்தது. ரெண்டு நாள் முடிந்தும் அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் தெருவிளக்கு எரியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் நாகஜோதியின் உடம்பு அமைதியாக இருந்தது. ரெண்டு மாசமாக அவள் மதுரைக்குப் போகவில்லை. அரிக்காத உடம்போடு போய் டாக்டரிடம் என்னவென்று சொல்வது என்று கூச்சமாக இருந்தது. பெட்டிக்குள் உடுப்பில்லாமல் நிற்கவேண்டாம் என்பதில் ஆறுதலாக இருந்தது. வெள்ளைச்சாமியும், "அதான் இல்லையில்ல, அப்பறம் எதுக்கு அரை நாளு பஸ்ஸுல போயிட்டு வரணும்?" என்று சொல்லிவிட்டான். அவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், புளி தட்டும்போது மூட்டையில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பங்குனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் குளித்துவிட்டு முதுகைத் துவட்டும்போது யாழினி பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஒன் முதுகுல புளியங்கொட்ட ஒட்டியிருக்கு."

"எடுத்துப் போட்டுருடா."

யாழினி எடுத்தாள். வரவில்லை. சுரண்டினாள். ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "கெட்டியா ஒட்டியிருக்கும்மா. எண்ணெ வைக்கவா?"

நாகஜோதி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டாள். பொன்னழகு முதன்முதலாகச் சொறிந்த அதே இடம். புளியங்கொட்டை அளவில், வழவழப்பாக, கடினமாக, ஒரு கட்டி. வலிக்கவில்லை, அரிக்கவில்லை. அதனாலேயே அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளை அங்கன்வாடிக்கு அனுப்பிவிட்டு, வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் அவனே அவளை வண்டியில் வைத்துக் கொண்டுபோய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

டாக்டர் கட்டியைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார். "அரிப்பு எப்படியிருக்கு?"

"இல்லைங்க."

"கொறஞ்சிருச்சா?"

"வீட்டுல இல்லைங்க. தெருவுல முறை வச்சிருக்காங்க. இப்ப மெம்பர்கிட்ட இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர் போல, 'அரிப்பு: வெளியில் தங்கியுள்ளது' என்று சீட்டில் எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"இங்க பாரும்மா. அரிக்கலங்கறதுக்காக நீ ரெண்டு மாசம் வரல. அது ஒனக்குத் தெரியாமயே வேலையப் பார்த்திருக்கு. இப்ப தோலோட நிக்குது. இன்னும் விட்டா உள்ள எறங்கும், அப்பறம் லைட்டெல்லாம் பத்தாது. மாத்திரையும் லைட்டும் சேர்த்து முப்பது தடவை குடுக்கணும். ஆனா நோய் ஒருத்தர்கிட்டயும் அரிப்பு ஒருத்தர்கிட்டயும் இருந்தா நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறது? வெறும் ஒடம்புக்கு லைட் அடிச்சா அது நீங்க புளி காயப்போடுற வெயிலுதான். அடுத்த புதன்கிழமை வரும்போது அதக் கையோட கூட்டிட்டு வந்துரு."

"பாரத்துல அரிப்பு பத்துக்கு எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற சிஸ்டர். "ஒண்ணாவது போடணும். சைபர் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

நாகஜோதி ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஸ்டாப்பிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் முதல் ஆளாகத் தீச்சட்டி எடுப்பதற்கு ஆண்டிச்சாமி கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். கட்டிய ஆள் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆளிடம் இருக்கிற அரிப்பும் தாண்டக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

மறுநாள் புளிக்களத்தில் கூட்டம் போட்டார்கள். நாகஜோதி சொல்லச் சொல்லியிருந்ததைப் பொன்னழகு எழுந்து சொன்னாள். சரோசா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"லிஸ்ட்டுல ஒன் பேரே இல்லையே நாகஜோதி."

"அவகிட்ட இருந்துதான வந்துச்சு" என்றாள் பொன்னழகு.

"அதனாலதான் எழுதல. வந்த வீட்டுக்கே திரும்பிப் போகுமுன்னு யாரு கண்டா? இப்பச் சேர்க்கலாம். முப்பத்தெட்டாவது வீடா எழுதிக்கிறேன். வரிசைப்படி வந்தா ஒனக்கு," சரோசா விரல் விட்டு எண்ணினாள், "வைகாசி மாசம் வரும்த்தா."

"நானாயிருந்தா இப்பவே குடுத்துருவேன் தங்கச்சி" என்றார் ஆண்டிச்சாமி, யாரும் கேட்காமலே, திருவிழா மைக்கைக் கையோடு கொண்டுவந்து பிடித்துக்கொண்டு. "காப்புக் கட்டிட்டேன், என்ன செய்ய? ஒண்ணு வேணா செய்யலாம். அந்த டாக்டரம்மாவ லைட்டத் தூக்கிட்டு இங்க வரச் சொல்லு. கரண்டுக்கு நான் ஏற்பாடு பண்றேன். ஒன் சார்புல நானே உள்ள நிக்கிறேன்."

அவர் நிற்கிறேன் என்றதற்கும் பெண்டுகள் கைதட்டினார்கள். அது என்னுடையது என்று சொல்வதற்கு நாகஜோதி வாயைத் திறந்தாள். "சரிங்க" என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து யாழினிக்குத் தலை சீவும்போது, சீப்பு பாதியில் நின்றுவிட்டது. வெள்ளைச்சாமி சீவினால் வகிடு கோணலாகத்தான் வரும். பள்ளிக்கூடம் சேர்க்கிற அன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கும், வயசுக்கு வருகிற அன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கும். கோணல் வகிட்டோடு மகள் பெரியவளாகிக்கொண்டே போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சீப்பைத் தரையில் வைத்துவிட்டுத் தன் நகங்களைப் பார்த்தாள். புளி வேலைக்காக ஒட்ட வெட்டியிருந்தாள். அன்றிலிருந்து வெட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மூணு மணி வெயிலில் தீச்சட்டி ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கொட்டு, அதற்குப் பின்னால் வேட்டியைத் தவிர உடம்பில் துணியில்லாமல், வேப்பிலைக்கு நடுவில் நெருப்பு எரிகிற சட்டியை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆண்டிச்சாமி, அவருக்குப் பின்னால் இன்னும் பதினெட்டுச் சட்டி. கோயிலுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் சட்டியை இறக்கக் கூடாது, ஒரு கைக்கு மாற்றவும் கூடாது. வெயில் மேலே, நெருப்பு முன்னால், வேர்வை முதுகில். ரேஷன் கடையைத் தாண்டும்போது அரிப்பு கண் விழித்தது.

ஆண்டிச்சாமி முதலில் தோளைக் குலுக்கினார். பிறகு இடுப்பை வளைத்தார். பிறகு முழு உடம்பும் புழுவாக நெளிய ஆரம்பித்தது. சாமி இறங்கிவிட்டது என்று கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பெண்டுகள் குலவை போட்டார்கள். "முதுகு, முதுகு" என்று அவர் முனகினார்.

"ஆத்தா என்னமோ கேக்குறா" என்றார் பூசாரி, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய். "தெளிவாச் சொல்லு தாயி. என்ன வேணும்?"

"முதுகு."

"யார் முதுகு? கெடா முதுகா?"

"எம் முதுகுய்யா, எம் முதுகு" என்று ஆண்டிச்சாமி பல்லைக் கடித்தார். ஆத்தா மெம்பர் முதுகையே காணிக்கையாகக் கேட்கிறாள் என்று ஊர் விழுந்து கும்பிட்டது.

கூட்டத்தின் கடைசியில், காலடியில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற நாகஜோதிக்கு மட்டும் அது என்ன ஆட்டம் என்று தெரிந்தது. எட்டு வருசம் அவள் ஆடின ஆட்டம். அவள் குடத்தைத் தாண்டினாள். விழுந்து கும்பிடுகிறவர்களைத் தாண்டினாள், குலவை போடுகிறவர்களைத் தாண்டினாள், அவள் முன்னால் வந்து நின்று ஒருத்தரும் இதுவரை பார்த்திராத ஊரின் நடுவில், முந்நூறு பேர் பார்க்க, வார்டு மெம்பரின் வெற்று முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அஞ்சு நாளாக வளர்த்த அஞ்சு நகத்தையும் பதித்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை காலைக் கட்டிக்கொள்கிற மாதிரி அது வந்து ஏறிக்கொண்டது. தோள், இடுப்பு, தொடை என்று தன் பழைய இடத்தையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நாகஜோதியின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆண்டிச்சாமி நிமிர்ந்து, "அப்பாடா" என்றார்.

கொட்டு நின்றது. ஒரு பொம்பளை, அதுவும் கல்யாணமானவள், ஊர்வலத்தில் ஆம்பிளை முதுகில் கை வைத்துவிட்டாள். அவர் அவளுக்கு என்ன உறவுமுறை என்று கூட்டத்துக்குள் கணக்குப் போட்டார்கள். ஒரு வழியில் மாமன் முறை வந்தது, அது ஆகாது. "மைக்குலயே தங்கச்சின்னு சொல்லிட்டாரு" என்று பொன்னழகு கத்தினாள். "அண்ணந்தான்." அண்ணன்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"காப்பு?" என்றார் பூசாரி.

சரோசா இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தாள். திருவிழாவுக்கும் அதைச் செருகிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "ஆளு மாறுனாக் காப்பும் மாறுமுன்னு எந்தத் தீர்மானத்துலயும் எழுதல" என்றாள். "காப்பு மெம்பர் கையில இருக்கு. அரிப்பு அவகிட்ட இருக்கு. அவ கையில ஒண்ணும் கட்டல. போகலாம்."

வீட்டுக்கு நடக்கும்போது வெள்ளைச்சாமி மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தான் தூக்கிக்கொண்டான். பிறகு, "வலது கையாலதான சொறிஞ்ச?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். "சரி விடு" என்றான்.

மறுநாள் ஏழேகால் பஸ்ஸுக்கு முப்பத்தேழு வீட்டுப் பெண்டுகளும் வந்துவிட்டார்கள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி புத்தி சொன்னார்கள். கத்திரிக்காய் கொடுத்துவிடாதே. மத்தியானம் ஒரு மணிக்கு அதற்குக் கோபம் வரும், அப்போது ஈரத்துணி போடு. எங்கள் வீட்டில் இருந்தபோது விளக்குமாற்றுக் குச்சி என்றால் அதற்கு ரொம்ப இஷ்டம். பதினாலாவது வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள்.

"முப்பது லைட்டு முடிஞ்சா அது என்னத்தா ஆகும்?" என்று பொன்னழகு கேட்டாள்.

"போயிரும்கிறாகக்கா."

"ஒரேயடியாவா?"

"தெரியலக்கா. திரும்பி வந்தாலும் வருமாம். வந்தா மறுபடி நிக்கணுமாம். ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும்னாக."

பஸ் உறுமியது. பொன்னழகு சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப ஒண்ணு செய்யி. இனிமே என்னையச் சொறியச் சொல்லாத. கூட வரச் சொல்லு." சொல்லிவிட்டு நாகஜோதிக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து ரெண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். மாத்திரை போட்டவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னழகு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தாள், பழக்கத்தில் நகம் நீண்டுவிடக் கூடாது என்று. பாரம் நிரப்புகிற பெண் நாகஜோதியை மேசைக்குக் கூப்பிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள். "அரிப்பு பத்துக்கு எத்தனை?"

"கொஞ்சம்" என்று நாகஜோதியின் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"பத்துக்குப் பத்துங்க. எழுதிக்கங்க. முதுகுல கட்டிக்குப் பக்கத்துல ஒண்ணு. எடது தோளுக்குக் கீழ ஒண்ணு, அது பஸ்ஸுல கம்பி பட்டா எந்திரிச்சுக்கிரும். இடுப்புல சேல கட்டுற எடத்துல ரெண்டு. தொடையில மூணு, அதுல நடுவுல இருக்கிறது போன மாசத்தவிட தடிமனா இருக்கு, தொட்டுப் பாருங்க." பேனா ஓடியது. வரிசையில் இருந்த கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. நாகஜோதி அவற்றைப் பார்த்தாள், மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னொரு எடம் இருக்குதுங்க. இத்தன வருசத்துல அத எந்த டாக்டர்கிட்டயும் நான் காட்டுனதில்ல. வீட்டுக்காரருகிட்டக்கூடச் சொன்னதில்ல. கூச்சமா இருந்துச்சு. அதுதான் எல்லாத்தையும் விட மோசமா அரிக்கும். இன்னைக்குச் சொல்லிர்றேன்."

லைட் ரூம் கதவு திறந்தது. "நாகஜோதி யாரும்மா? வாங்க, பெட்டி ரெடியாயிருச்சு."

"வந்துட்டேன் சிஸ்டர்." அவள் எழுந்தாள். இந்தத் தடவை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடிக்காமல் உதறிவிட்டுக்கொண்டு, கதவைப் பார்த்து நடந்துகொண்டே, வராண்டா முழுக்கக் கேட்கிற குரலில் திரும்பிச் சொன்னாள்: "பேனாவ மூடிராதீங்க, கட்டத்துல எடம் பத்தலைன்னா பின்னாடி எழுதிக்கங்க, அது எங்க இருக்குன்னா..."